நங்கூர விளக்கு: சின்னப் பாய்மரப் படகுக்கு எதை வாங்குவது, எங்கே கட்டுவது

மலேசியாவின் லங்காவித் தீவில் குவா பட்டணத்துக்கு எதிரே நங்கூரம் போட்டுப் படுத்திருந்தோம். விடியற்காலை மூன்று மணி இருக்கும். ஏதோ என்ஜின் சத்தம் நெருங்கி வந்தது, இன்னும் நெருங்கியது, சட்டென்று அடங்கியது. அடுத்த நொடி பக்கவாட்டில் அலை மோதி எங்கள் 26 அடிப் படகு தொட்டில் மாதிரி ஆடியது. தலையை வெளியே நீட்டினேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஃபைபர் படகு. அதில் வலைக்குவியல் மேல் ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், நின்றிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ எங்கள் பாய்மர உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிந்தாங்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மலாயில் நட்சத்திரம். என் நங்கூர விளக்கை வானத்துக் கணக்கில் சேர்த்துவிட்டார் மனிதர்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. விதிப்படி வாங்கியது, விதிப்படி மாட்டியது. ஆனால் தண்ணீரிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் யார் கண்ணிலும் படாமல் எரிந்தது. அந்த மாதமே விளக்கைக் கீழே இறக்கிவிட்டேன். பழைய படகு ஒன்றை வாங்கி, முதல் தடவையாக இரவில் கடலில் தங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த விளக்கு வாங்கலாம் என்பதைத்தான். எங்கே கட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன் நான். வாங்குவது அதற்குப் பிறகு.

விதி கேட்பது கொஞ்சம்தான்

கடலில் மோதல் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகள் 1972இல் எழுதப்பட்டு 1977 ஜூலை 15இல் நடைமுறைக்கு வந்தவை. அதில் 30ஆவது விதி நங்கூரமிட்ட கலங்களுக்கானது. பெரிய கப்பலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் அதைவிடத் தாழ்வாக ஒன்று என்று இரண்டு வெள்ளை விளக்கு வேண்டும். 50 மீட்டருக்குக் குறைவான கலத்துக்கு ஒன்றே போதும்: 360 பாகையும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு, 'எங்கே வைத்தால் நன்றாகத் தெரியுமோ அங்கே'. அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். உச்சியில்தான் வைக்க வேண்டும் என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. படகு கட்டுபவர்கள் உச்சியில் வைப்பது அங்கே எதுவும் மறைக்காது என்பதற்காகவும், ஒரே கூட்டில், இரவில் பாய் விரித்து ஓடும்போது போடும் மூவண்ண விளக்கையும் இதையும் சேர்த்து முடித்துவிடலாம் என்பதற்காகவும்.

நம் அளவுப் படகுக்கு அந்த விளக்கு 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை எரிய வேண்டும். பகலில் மழையோ மூடுபனியோ கண்ணை மறைத்தாலும் போட வேண்டும்.

7 மீட்டருக்குக் குறைவான படகுக்கு ஒரு விலக்கு உண்டு. வழித்தடம், குறுகிய கால்வாய், நங்கூரத்துறை, மற்ற கலங்கள் வழக்கமாகப் போய்வரும் இடம் இவற்றிலோ இவற்றின் அருகிலோ இல்லாவிட்டால் விளக்கு கட்டாயமில்லை. 22 அடிப் படகு வைத்திருப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். யாருமே போகாத இடத்தில் நங்கூரம் போடுகிறீர்கள் என்றால் சரி. லங்காவியிலோ பினாங்கிலோ அப்படி ஓர் இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இரவில் மீனவர் போகாத மூலை இந்தக் கரையில் கிடையாது.

மேலேயா, கீழேயா

உயரத்தில் இருந்தால் தூரத்திலிருந்து தெரியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் தூரம் நமக்குத் தேவையா என்று கணக்குப் பார்க்க வேண்டும். பூமியின் வளைவு மறைக்காமல் ஒரு விளக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு மாலுமிகள் வைத்திருக்கும் சூத்திரம் எளியது. விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலம், பார்ப்பவர் கண்ணின் உயரத்துக்கும் வர்க்கமூலம், இரண்டையும் கூட்டி 2.08ஆல் பெருக்கினால் கடல் மைல். தண்ணீரிலிருந்து 3.3 மீட்டர் உயரத்தில் விளக்கு, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் என்றால் 6 மைலுக்கு மேல் வருகிறது. விதி கேட்பது 2 மைல். ஆக, உயரத்தால் நமக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

நஷ்டம் கிட்டத்தில் வருகிறது. நம்மை இடிக்கக்கூடியது தூரத்தில் போகும் கப்பல் இல்லை, அது நாம் நிற்கும் ஆழமில்லாத இடத்துக்கு வரவே வராது. 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வீடு திரும்பும் மீன்பிடிப் படகுதான் இடிக்கும். அந்த வேகத்தில் 200 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 20 விநாடி. ஓட்டுபவர் கண் தண்ணீருக்குச் சற்று மேலேதான் இருக்கும். வேகத்தில் படகின் மூக்கு, நம் கடற்கரைப் பேச்சில் அணியம், தூக்கிக்கொண்டு இருக்கும். அவர் அதற்கு மேலாக நேரே முன்னால் பார்க்கிறார், அண்ணாந்து பார்ப்பதில்லை.

கையை முழுசாக நீட்டி முஷ்டி பிடித்துப் பாருங்கள். முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. 50 மீட்டர் தூரத்தில் வரும் ஒருவருக்கு 10 மீட்டர் உயர விளக்கு அடிவானத்துக்கு ஒரு முஷ்டி மேலே நிற்கும். 20 மீட்டரில் இரண்டு முஷ்டிக்கும் மேலே. அங்கே நட்சத்திரங்கள்தான் இருக்க வேண்டும் என்று அவர் மூளை எப்போதோ முடிவு செய்துவிட்டது. அதே 50 மீட்டரில் 3.3 மீட்டர் உயர விளக்கு இரண்டு விரல் அகலத்துக்குள், அவர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. தாழ்வாகத் தொங்கும் விளக்கு படகையே வெளிச்சமாக்குகிறது. மேல்தளம், பாய்மரத்தின் அடிப்பாகம், வேலிக் கம்பிகள், மடித்து வைத்த பாய் எல்லாம் மங்கலாகத் தெரியும். வருகிறவர் ஒரு புள்ளியைப் பார்ப்பதில்லை, ஒரு படகைப் பார்க்கிறார். புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இருட்டில் யாராலும் சொல்ல முடியாது. படகைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. தினமும் சாயங்காலம் ஏற்ற வேண்டும், காலையில் இறக்க வேண்டும். நடுராத்திரி முன்தளத்துக்குப் போனால் கண் கூசும். குவா மாதிரி கரை நிறைய விளக்கு எரியும் இடத்தில், தாழ்ந்த விளக்கு பட்டண வெளிச்சத்தோடு கலந்து போகலாம். படகின் உடம்பு தெரிவதால் அந்தக் குறை பாதிதான் குறை.

இரண்டையும் சேர்த்து எரிக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். இரண்டு வெள்ளை விளக்கு வேறுவேறு உயரத்தில் தெரிந்தால் தூரத்தில் இருப்பவருக்கு அது வேறு கலம். ஒன்றை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றது மாற்றுக்கு இருக்கட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

2 மைல் என்பது அளக்கக்கூடிய வெளிச்சம்: 4.3 கேண்டலா. ஒரு திசையில் போகும் ஒளியின் அளவு அது. முறையாகத் தயாரித்த விளக்கின் உடம்பிலேயே 2 கடல் மைல் என்று பொறித்திருக்கும், கூடவே ஏதாவது ஒரு நாட்டு அங்கீகார முத்திரையும் இருக்கும். அது இருந்தால் மேற்கொண்டு கணக்குத் தேவையில்லை. இல்லாத விளக்கு என்றால் பெட்டியில் பெரும்பாலும் லூமென்தான், அதாவது எல்லாத் திசைக்கும் சேர்த்த மொத்த ஒளிதான் போட்டிருப்பார்கள். எல்லாத் திசையிலும் சமமாக ஒளி பரப்பும் ஒரு பல்பு 4.3 கேண்டலா தர வேண்டுமானால் 54 லூமென் வேண்டும். ஒளியைக் கிடைமட்டமாகக் குவிக்கும் வரிவரியான லென்சு இருந்தால் அதைவிடக் குறைவு போதும்.

தோட்டத்தில் குத்தி வைக்கும் சூரிய விளக்கை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பெட்டியில் 10 லூமென் என்றிருந்தால், எல்லாத் திசைக்கும் சமமாகப் போனாலும் 0.8 கேண்டலாதான். அதிலும் பாதிக்கு மேல் தரையை நோக்கித்தான் விழும், அதற்காகத்தானே செய்தார்கள். பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், நான்கு வாங்கிப் பின்பக்கக் கம்பியில் கட்டி வைத்து, எனக்கு நங்கூர விளக்கு இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் எழுந்து அது எரிகிறதா என்று பார்த்தால் அந்த நிம்மதி போய்விடும். அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

எல்.இ.டி வாங்குவதா, பழைய பல்பா என்று இப்போது யோசிக்கவே வேண்டியதில்லை. எல்.இ.டிதான். ஆனால் அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, வோல்ட். 12 வோல்ட் பேட்டரி என்று பேருக்குத்தான் சொல்கிறோம். சூரியத் தகடு சார்ஜ் செய்யும்போது 14.4 வரை ஏறும். சரியாக 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த மலிவு விளக்கு சில வாரத்தில் கருகும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

இரண்டாவது, ஒளி போகும் கோணம். சில எல்.இ.டி பல்புகளின் சில்லுகள் உச்சியில் மட்டும் உட்கார்ந்திருக்கும். ஒளி முழுக்க வானத்துக்குப் போகும், பக்கத்தில் மங்கல்தான். சில்லுகள் சுற்றிலும் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும். ஒளி ஒரேயடியாகத் தட்டையாக இருந்தாலும் சிக்கல்தான், படகு உருளும்போது கற்றை மேலும் கீழும் போய், தூரத்தில் இருப்பவருக்கு விட்டு விட்டு எரிவது மாதிரி தெரியும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் பாய்மரக் கலத்தின் விளக்குக்கு விதியின் பின்னிணைப்பு, கிடைமட்டத்துக்கு மேலும் கீழும் 5 பாகை வரை முழு வெளிச்சமும் 25 பாகை வரை பாதி வெளிச்சமும் கேட்கிறது.

மூன்றாவது, ரேடியோ இரைச்சல். மலிவான எல்.இ.டிக்குள் இருக்கும் வோல்ட் மாற்றி, படகு ரேடியோ பேசும் வி.எச்.எஃப் அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். உச்சியில் ஆன்டெனா பக்கத்திலேயே அது இருந்தால், அவசரத்துக்கு யார் கூப்பிட்டாலும் கேட்காது. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018 ஆகஸ்டில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை விட்டது. சோதிப்பது சுலபம். ரேடியோவில் பேச்சில்லாத ஒரு சானலை வையுங்கள். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் திருப்பி விடுங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். மறுபடி இரைச்சல் வந்தால் அந்த விளக்கைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.

இருட்டினால் தானே எரியும் உணரி வைத்த விளக்கு வசதிதான், கரைக்குப் போனவர் திரும்ப நேரமானாலும் படகு இருட்டில் நிற்காது. ஆனால் அதற்குத் தனி சுவிட்சும் இருக்கட்டும். சுவிட்ச் இல்லாத உணரி விளக்கு இரவில் பாய் விரித்து ஓடும்போதும் எரியும். சிவப்பு பச்சையோடு சேர்ந்து வெள்ளையும் சுற்றிலும் எரிந்தால், பார்க்கிறவர் நம்மை என்ஜினில் ஓடும் சின்னப் படகு என்று எடுத்துக்கொள்வார், யார் வழிவிட வேண்டும் என்ற கணக்கே மாறிவிடும்.

விட்டுவிட்டு மின்னும் விளக்கு பக்கமே போக வேண்டாம். அப்படிப்பட்ட பளிச்சிடும் விளக்கைத் தவிர்க்கச் சொல்லி விதியிலேயே இருக்கிறது.

பேட்டரிக் கணக்கு

லங்காவி 6 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க இரவு ஏறக்குறைய 12 மணி நேரம்தான். பழைய 10 வாட் பல்பு 12 வோல்ட்டில் 0.83 ஆம்பியர் இழுக்கும், ஒரு இரவுக்கு 10 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம் என்றால், விளக்கு மட்டுமே ஐந்து இரவில் அதைத் தின்றுவிடும். 2 வாட் எல்.இ.டிக்கு இரவுக்கு 2 ஆம்பியர்-மணி. நாள் முழுக்க அசையாமல் கிடக்கும் ஒரு சின்னச் சூரியத் தகடு அதை மதியத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் பழைய பல்புக் காலத்தோடு போயிருக்க வேண்டும். இன்னும் போகவில்லை.

தொங்கவிடும் முறை

இனி வேலைக்கு வருவோம். என் படகின் அளவுகளைச் சொல்கிறேன், உங்களுடையதை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பாய்மரத்துக்கும் முன்கம்பிக்கும் நடுவே உள்ள முக்கோண இடைவெளிதான் விளக்கு தொங்கும் இடம். முன்கம்பி என்பது அணியத்திலிருந்து பாய்மர உச்சிக்குப் போகும் கம்பி. என் படகில் தளத்து மட்டத்தில் இந்த இடைவெளி 3 மீட்டர், மேலே போகப் போகக் குறுகும். தளத்திலிருந்து 2.3 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 2.3 மீட்டர் மிஞ்சுகிறது. உயரம் ஏன் 2.3 என்றால், அதற்குக் கீழே தொங்கினால் நங்கூரம் எடுக்கப் போகிறவர் தலையில் இடிக்கும், அதற்கு மேலே போனால் தளத்தில் வெளிச்சம் விழாது.

அந்த இடைவெளியில் நடுவிலா, ஓரமாகவா? பாய்மரம் ஒரு பக்கத்தை மறைக்கும், சுருட்டிய முன்பாய் இன்னொரு பக்கத்தை. பொதுவாக, சுற்றிலும் தெரியும் விளக்கை எதுவும் 6 பாகைக்கு மேல் மறைக்கக் கூடாது. நங்கூர விளக்குக்கு இதில் சலுகை உண்டு என்றாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். என் பாய்மரத்தின் அகலம் 12 சென்டிமீட்டர். விளக்கு அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் மறைப்பு 7 பாகை, 1.3 மீட்டர் என்றால் ஐந்தேகால். சுருட்டிய பாயின் தடிமன் 8 சென்டிமீட்டர், அதிலிருந்து மிச்சம் இருக்கும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் 5 பாகைக்குள் அடங்குகிறது. ஆக, பாய்மரத்திலிருந்து 1.3 மீட்டர் என்று முடிவு செய்தேன். அப்போதும் பாய்மரத்தின் நிழல் பின்னால் 200 மீட்டரில் 18 மீட்டர் அகலம் விழத்தான் செய்யும். படகு நங்கூரத்தில் ஓயாமல் இடமும் வலமும் தலையாட்டுவதால் அந்த நிழல் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

மேலே தூக்க ஒரு ஹாலியார்ட் வேண்டும், அதாவது பாய் ஏற்றும் கயிறு. முன்பாய் சுருள் உருளையில் இருந்தால் அதன் கயிறு காலியாக இருக்காது. காற்று பின்னாலிருந்து வரும்போது விரிக்கும் ஸ்பின்னாக்கர் பாய்க்கான கயிறு இருந்தால் அதுவே போதும். அதுவும் இல்லையென்றால் பாய்மரத்தின் நடு உயரத்தில் சின்னக் கப்பி ஒன்று பொருத்தி, 5 மில்லிமீட்டர் கயிறு ஓட்டுங்கள். ஒருமுறை செய்யும் வேலை.

கீழே கட்டுவதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். ஒற்றைக் கயிறு கட்டினால் விளக்கு மணி மாதிரி ஆடும், விடிய விடிய பாய்மரத்தில் மோதி உங்களையும் தூங்க விடாது. கவட்டை போல இரண்டு கயிறு வேண்டும். விளக்கின் அடி வளையத்திலிருந்து ஒன்று இடப்பக்க வேலிக்கம்பத்தின் அடிக்கு, ஒன்று வலப்பக்கத்துக்கு. இரண்டும் பாய்மரத்துக்கு முன்னால் 1.7 மீட்டரில் தளத்தைத் தொடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேல் கயிறு உச்சியிலிருந்து சரிந்து வருவதால், இந்த அளவில்தான் விளக்கு மேலே 1.3 மீட்டர் இடைவெளியில் வந்து நிற்கும். ஹாலியார்டை ஓரளவு இழுத்துக் கட்டினால் மூன்று கயிறும் விறைத்து விளக்கு ஆணி அடித்தது போல நிற்கும். விடியற்காலையில் அடிக்கும் சுமத்ராக் காற்றில்கூட இது அசையவில்லை, படகு அசைந்தது வேறு விஷயம். முதல் முறை சரியான அளவு கிடைத்ததும், இரண்டு கால் கயிற்றிலும் முடிச்சு விழும் இடத்தில் கறுப்பு நூல் சுற்றிவிட்டேன். இப்போது இருட்டில் தடவிப் பார்த்தே கட்டுகிறேன்.

கயிற்றின் இழுப்பு விளக்கின் உடம்பில்தான் விழ வேண்டும், ஒயரில் விழவே கூடாது. மேலும் கீழும் வளையம் உள்ள விளக்காகத் தேடி எடுப்பது இதற்காகத்தான். ஒயரை கவட்டையின் ஒரு காலோடு சேர்த்து இரண்டு மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். முன்கூரைத் துவாரத்துக்குள் நுழையும் முன் ஒயர் ஒரு சின்ன ஊஞ்சல் மாதிரி தொங்கி மேலேற வேண்டும். மழைத்தண்ணீர் ஒயர் வழியே ஓடிவந்து அந்த வளைவில் சொட்டிவிடும். இல்லாவிட்டால் உங்கள் தலையணையில் சொட்டும்.

ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். ஈப்போ பக்கம் லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், எடுத்த அதே வெள்ளீயம்தான், கடல் காற்றில் செம்பு பச்சை பிடிக்காமல் காக்கும். வீட்டு ஒயரைப் போட்டால் ஒரு வருஷத்தில் தோலை உரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்புப் பொடிதான் இருக்கும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர், இரண்டு இழை, 8 மீட்டர் எனக்குப் போதுமானதாக இருந்தது. 2 வாட்டுக்கு இவ்வளவு தடிமன் தேவையில்லை. இழுபடும்போது அறாமல் இருக்கத்தான் தடிமன்.

உள்ளே சிகரெட் லைட்டர் வடிவ சாக்கெட்டில் செருகலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். படகு இரண்டு ஆட்டம் ஆடினால் அது அரை அங்குலம் வெளியே வந்துவிடும், விளக்கு அணைந்தது யாருக்கும் தெரியாது. திருகி இறுக்கும் இரண்டு முனை பிளக் போடுங்கள். பேட்டரிப் பக்கம் 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஒயர் எங்காவது நசுங்கிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் விளக்குக்கு என்ன ஆகிறது என்பது முக்கியமில்லை, படகு தீப்பிடிக்கக் கூடாது.

இணைப்புகளில் இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். இரண்டு மழைக்குப் பிறகு அது பிசுபிசுத்து அவிழும். உள்ளே பசை பூசிய, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் விற்கிறது. நுனியில் பசை லேசாகப் பிதுங்கி வெளியே வரும் வரை சூடு காட்டினால் சரி.

உச்சியில்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு முன்தளத்துக்குப் போக முடியாது, முழங்கால் வலி. சிலர் தினமும் ஏற்றி இறக்கப் பொறுமை இல்லாதவர்கள். சரி, உச்சியில் வையுங்கள், அதுவும் விதிப்படி சரிதான். ஆனால் பழைய 10 வாட் பல்பை வைத்துக்கொண்டால் ஒயர் தடிமன் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து உச்சி வரை 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பில் அது 0.35 ஓம், அதில் தொலைவது 0.29 வோல்ட், இரண்டரை சதவீதத்துக்குள். 3 சதவீதம் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். எல்.இ.டி என்றால் இந்தக் கவலையே கிடையாது.

பாய்மரத்துக்குள் குழாய் இல்லாவிட்டால் ஒயர் உள்ளே அடித்துக்கொண்டே இருக்கும். அரை மீட்டருக்கு ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் கட்டுகளை (கேபிள் டை) ஒயரில் நட்சத்திரம் போலக் கட்டி, வாலை நறுக்காமல் விடுங்கள். முள்ளம்பன்றி போல அவை சுவரைத் தொட்டு நிற்கும், சத்தம் போய்விடும். பாய்மர அடியில் தளத்து மேலே இருக்கும் பிளக்தான் எப்போதும் முதலில் துருப்பிடிக்கும் இடம். முடிந்தால் ஒயரை அப்படியே உள்ளே இறக்கி, கூரைக்குக் கீழே இணையுங்கள்.

உச்சி விளக்கு எரியவில்லை என்று தெரிந்ததும் சிலர் என்ஜின் ஓட்டும்போது போடும் பாய்மர நடு விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். அது 225 பாகைதான், முன்பக்கம் மட்டும் தெரியும். பின்னாலிருந்து வருகிறவருக்கு நீங்கள் இல்லவே இல்லை. சுவிட்சு பலகையில் எந்த சுவிட்ச் எது என்று எழுதி ஒட்டாத படகில் இது அடிக்கடி நடக்கும்.

பகலுக்கு விளக்கு இல்லை, கறுப்புப் பந்து. விதி அளவு 0.6 மீட்டர் விட்டம், 20 மீட்டருக்குக் குறைந்த படகுக்குச் சின்னது போதும். இரண்டு வட்டத் தட்டைக் குறுக்காகச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் பந்து கிடைக்கிறது. காலையில் விளக்கை இறக்கும் அதே கயிற்றில் இதை ஏற்றிவிடலாம்.

முதல் நாள் சாயங்காலம்

ஏழரை மணி வாக்கில் இருட்டத் தொடங்கும்போது விளக்கை ஏற்றுங்கள். மல்டிமீட்டரை விளக்குப் பக்கத்து முனையில் வைத்து, எரியும்போதே வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 12.6 இருந்து இங்கே 12.1 தான் வந்தால் எங்கோ ஓர் இணைப்பு அழுகியிருக்கிறது, இன்றே தேடுங்கள். ரேடியோ சோதனையைச் செய்யுங்கள். மாற்று விளக்காக, தனி பேட்டரியில் எரியும் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில், இருட்டில் கை போகும் இடத்தில் வையுங்கள்.

பிறகு நன்றாக இருட்டியதும் சின்னப் படகில் ஏறித் துடுப்பு போட்டு 200 மீட்டர் தள்ளிப் போங்கள். இன்னொருவர் படகிலேயே இருக்கட்டும். உட்கார்ந்தபடியே படகைச் சுற்றி ஒரு முழு வட்டம் வாருங்கள், எழுந்து நிற்க வேண்டாம், மீனவர் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும். பின்பக்கம் வரும்போது மெதுவாக வாருங்கள். ஒரு இடத்தில் விளக்கு பாய்மரத்துக்குப் பின்னால் மறைந்து, இரண்டு துடுப்பு போட்டதும் மறுபடி வரும். அந்த இடத்திலேயே நின்று பாருங்கள், படகு தலையாட்டும்போது அது தானாகவே வெளியே வருகிறதா என்று. அப்படி வராவிட்டால் கவட்டைக் கயிற்றின் ஒரு காலை ஒரு கை அளவு தளர்த்தி, மறு காலை இறுக்கி, விளக்கைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்திக் கட்டுங்கள். நான் அன்று இப்படிச் சுற்றி வந்தபோது பின்பக்கம் பச்சையாக ஒரு வெளிச்சம் கண்ணை அடித்தது. தூரத்தில் சோத்தோங், அதாவது கணவாய், பிடிக்கும் படகு. அதற்கு முன்னால், எங்கள் வெள்ளை மேல்தளமும் பாய்மர அடியும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவியின் தலையும் தெளிவாகத் தெரிந்தன.